அரைநாட் பள்ளியும் இராப் பள்ளியும்



சென்ற ஆண்டிலே ஒரு தாய் என் அலுவலக அறைக்கு வந்தார். உயர்தர வகுப்பிற் படிக்கும் அவருடைய மகன் முதற் பாடவேளையில் மேசைமீது தலைசாய்த்து உறங்குகிறான் என்று வகுப்பாசிரியர் எழுதியனுப்பிய குறிப்பு அவர் கையில் இருந்தது. பையனுக்கு வயது பதினேழு. வைகறையில் மீன்சந்தைக்குச் சென்று, பெட்டி இறக்கிவிட்டுப் பாடசாலைக்கு வருகிறான். தந்தை இல்லை, இரண்டு தங்கைமார் உளர். "ஐயா, இவனைப் பள்ளிக்கூடத்தால நிற்பாட்டிப்போட்டு, வேலை செய்துகொண்டே தனிப்பட்ட பரீட்சார்த்தியாச் சோதினை எடுக்க விடலாமோ?" என்று கேட்டார். முழுநேரப் படிப்பா, பகுதிநேரப் படிப்பா என்பது கல்வி நூல்களில் இரண்டொரு பக்கத்தில் தீர்ந்துவிடும் வினா. ஒரு தாய் எதிரே நின்று கேட்கும்போது அத்துணை எளிதாகத் தீர்வதில்லை. சரித்திரம் கற்பித்தே காலங் கழித்தவனாதலின், இவ்வினாவுக்கு முன்னிருந்தோர் கண்ட விடைகளைத் தங்களுடன் சிறிது ஆராய விரும்புகிறேன்.

உழைப்பையும் படிப்பையும் ஒரே நாளில் அடக்கிவிடலாம் என்பதைச் சட்டமாகவே எழுதிப் பார்த்த நாடு இங்கிலாந்து. 1833 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் வேலைசெய்யும் ஒன்பது முதற் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகள் கிழமைக்கு 48 மணிக்கு மேல் உழைத்தலாகாதென்றும், நாடோறும் இரண்டு மணி நேரம் பள்ளியில் இருத்தல் வேண்டுமென்றும் விதித்தது. பிள்ளை பள்ளிக்கு வந்ததற்கு ஆசிரியர் அத்தாட்சி தருதல் வேண்டும். ஆனால், அந்த அத்தாட்சியிற் கையொப்பத்துக்குப் பதிலாகச் சிலுவைக் குறியிட்ட ஆசிரியர்களும் இருந்தனர் எனத் தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகள் கூறுகின்றன. தம் பெயரை எழுத அறியாதவர் பிறர்க்கு எழுத்தறிவித்த வேடிக்கையை என்னென்பது! ஆகவே 1844 ஆம் ஆண்டுச் சட்டம் அத்தாட்சியை ஆசிரியர் தம் கைப்பட எழுதவேண்டுமென வற்புறுத்தியது. அச்சட்டமே அரைநாள் முறையையும் நிலைநிறுத்தியது: ஆலையில் ஆறரை மணி, பள்ளியில் மூன்று மணி. எனினும், வேலைக்குச் சேரும் வயதை ஒன்பதிலிருந்து எட்டாகக் குறைத்ததும் அதே சட்டந்தான்.

இம்முறையைப் புகழ்ந்தோர் பலர். நசாவு சீனியர் என்னும் பொருளியலறிஞர், அரைநாட் பிள்ளைகள் மூன்று மணியிற் கற்பது ஏனையோர் நாள் முழுதுங் கற்பதற்குக் குறைந்ததன்று என 1863 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். ஆலை உரிமையாளரின் இலாபம் முழுவதும் வேலைநாளின் கடைசி மணியிலேயே பிறக்கிறது. ஆதலின் வேலை நேரத்தைக் குறைத்தலாகாது என்று 1837 ஆம் ஆண்டில் வாதித்தவரும் இவரே என்பதை நாம் மறத்தலாகாது. கார்ல் மார்க்சு கூடச் சீனியரின் பின்னைய கூற்றை உடன்பாட்டுடன் எடுத்தாள்கிறார். இருவரும் ஒரு பக்கம் நிற்பது அருமையான காட்சி. ஆயினும், காலை ஆறு மணிக்கு ஆலையினுட் புகுந்து நண்பகல் வரை நூலிழை முடிந்த பிள்ளை, பிற்பகலிற் பள்ளி வாங்கில் அமர்ந்து என்ன செய்திருக்கும் என்பதை அறிய அறிஞர் தேவையில்லை; ஆசிரியர் போதும். லங்காசயர்ப் பள்ளி ஆசிரியர்கள் அதனைப் பலமுறை கூறினர். பிற்பகல் வகுப்பில் அரைநாட் பிள்ளைகள் உறங்கினர். உறங்குவோரை எழுப்பாது விட்ட ஆசிரியர்களும் இருந்தனர்.

இதில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த செய்தி ஒன்றுண்டு. 1909 ஆம் ஆண்டில் அரசாங்கக் குழுவொன்று அரைநாள் முறையை ஒழிக்கவேண்டுமெனப் பரிந்துரைத்தது. அதே ஆண்டிற் பருத்தித் தொழிலாளர் சங்கங்கள், அரைநாள் வேலைக்குரிய வயதைப் பன்னிரண்டிலிருந்து பதின்மூன்றாக உயர்த்தலாமா என்று தம் உறுப்பினரின் வாக்கைக் கேட்டன. மிகப் பெரும்பான்மையோர் "கூடாது" என்றே வாக்களித்தனர். அவ்வாறு வாக்களித்தோரிற் பலர் தாமே அரைநாட் பிள்ளைகளாயிருந்து வளர்ந்தவர்கள். அவர்களைக் கல்நெஞ்சர் எனச் சொல்ல நான் துணியேன். பிள்ளையின் சிறு கூலி அடுப்பெரியுமா என்பதைத் தீர்மானிக்கும் வீட்டிற் கல்வியின் பயன் பத்தாண்டுக்கு அப்பாலுள்ளது. கூலியோ சனிக்கிழமை கைக்கு வந்துவிடும். 1918 ஆம் ஆண்டின் பிசர் கல்விச் சட்டமே இம்முறைக்கு முடிவு கட்டியது.

இலங்கையிலும் இதன் சாயல் இல்லாமலில்லை. மலையகத் தோட்டங்களில் லயத்தின் ஒரு மூலையில், எழுத்தறிந்த ஒருவர் வேலை முடிந்த மாலைப்பொழுதிற் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்ததே பல இடங்களிற் பள்ளியாயிருந்தது. 1907 ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார்மேற் சுமத்தியது. பத்து வயது கடந்த பின் கொழுந்துக் கூடை காத்திருந்தது. அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்க 1970களின் பிற்பகுதி வரை செல்லவேண்டியதாயிற்று.

இதுவரை கூறியது பிள்ளைகளின் கதை. வளர்ந்தோர் தாமே விரும்பி உழைப்புக்கிடையே படித்த கதை வேறு. 1823 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் பேர்க்பெக் என்னும் மருத்துவர் முன்னின்று, இலண்டனிற் கைவினைஞர்க்கென ஒரு நிலையத்தைத் தோற்றுவித்தார். வேலை முடிந்தபின் இரவிலே விரிவுரைகள் நடைபெற்றன. அந்நிலையமே பின்னர் பேர்க்பெக் கல்லூரியாகி, 1920 ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அப்பல்கலைக்கழகம் 1858 ஆம் ஆண்டுச் சாசனத்தால் மற்றொரு கதவையும் திறந்துவிட்டது. கல்லூரியொன்றின் வாசலை மிதியாதவரும் எங்கிருந்து படித்தாயினும் பரீட்சைக்குத் தோற்றிப் பட்டம் பெறலாம் என்றாயிற்று. வெளிவாரிப் பட்டம் என நாம் இன்று வழங்குவது அங்கே பிறந்தது.

இலங்கை அக்கதவினூடாக நெடுங்காலம் நடந்தது. 1921 ஆம் ஆண்டிற் கொழும்பில் அமைந்த பல்கலைக்கழகக் கல்லூரியும் தன் மாணவரை இலண்டன் பரீட்சைக்கே ஆயத்தஞ் செய்தது; 1942 ஆம் ஆண்டிலேயே நமக்கென ஒரு பல்கலைக்கழகம் வாய்த்தது. அதற்கு முன்னரே அப்பட்டத்தைத் தாமே படித்துப் பெற்றவர்களுள் ஒருவரை நாம் எல்லாரும் அறிவோம். காரைதீவில் 1892 ஆம் ஆண்டிற் பிறந்த மயில்வாகனம், பின்னாளிற் சுவாமி விபுலாநந்தர். 1916 ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிற் சித்தியடைந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920 ஆம் ஆண்டில் இலண்டன் விஞ்ஞானமாணிப் பட்டமும் பெற்றார். பகலிற் பிறர் பிள்ளைகளுக்குப் பௌதிகம். தமக்கு மிஞ்சிய நேரத்தில் தம் படிப்பு. அவரைக் காட்டி, "முயன்றால் முடியும்" என மாணவர்க்கு அறிவுரை கூறுவது நம் வழக்கம். நானும் கூறியிருக்கிறேன். ஆனால், மயில்வாகனனாருடைய வேலை வகுப்பறையிலே, நூல்களின் நடுவே இருந்தது, மீன்சந்தையில் அன்று. இந்த வேறுபாட்டை மேடைகளில் நாம் சொல்வதில்லை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990களிற் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயும் அருமை. பகலிற் கற்பித்துவிட்டு, இரவில் ஜாம் போத்தல் விளக்கின் முன் கலைமாணிப் பரீட்சைக்கு வெளிவாரியாகப் படித்தேன். சித்தியும் அடைந்தேன். ஆயின், அந்த ஆண்டுகளில் என் பிள்ளை எப்பொழுது நடக்கத் தொடங்கிற்று என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. படிக்கும் மணி வானத்திலிருந்து விழுவதில்லை. அது எவருடைய நேரத்திலிருந்தோ வெட்டியெடுக்கப்படுகிறது. என் விடயத்தில் அது என் வீட்டாரின் நேரம். அரைநாட் பிள்ளையின் விடயத்தில் அது உறக்கம்.

அந்த மணியைத் தொழில் கொள்வோரின் நேரத்திலிருந்து எடுத்துப் பார்த்தவர்களும் உளர். ஜெர்மனியின் மியூனிச் நகரக் கல்வி அதிபராயிருந்த கெர்ஷென்ஸ்டைனர், 1900 ஆம் ஆண்டு முதல் தொழில் பயிலும் இளைஞர்க்கான பள்ளிகளைத் தொழில்வாரியாகச் சீரமைத்தார். ரொட்டி சுடுவோனுக்கு ஒரு வகுப்பு, தச்சனுக்கு ஒரு வகுப்பு. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நடந்த பாடங்களை வேலைநாளின் பகற்பொழுதுக்கு மாற்றினார். பிசரின் 1918 ஆம் ஆண்டுச் சட்டமும் இதனைப் பின்பற்றியது. பதினான்கு வயதுக்கு மேல் வேலைக்குப் போவோர் ஆண்டுக்கு 320 மணி நேரம் பகற்பள்ளிக்கு வருதல் வேண்டும். முதலாளி அதற்கு விடுதலை அளித்தல் வேண்டும். ஏட்டில் மிகச் சிறந்த ஏற்பாடு. போருக்குப் பின் வந்த பொருள்முடையாலும் முதலாளிமாரின் வெறுப்பாலும் அப்பள்ளிகள் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. ரக்பி நகரில் மட்டும் நிலைத்தது. நம் நாட்டில் 1980 ஆம் ஆண்டிற் பிறந்த திறந்த பல்கலைக்கழகம் உழைப்போர்க்குப் பேருதவி புரிந்திருக்கிறது. ஆயினும், அங்கும் படிக்கும் மணியை மாணவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தத் தாய்க்கு நான் உடனே விடை கூறவில்லை. வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, யாரிடம் வேலை என்றே கேட்டேன். அதிகாலை மூன்று மணி என்றார். மறுநாள் சந்தைக்குச் சென்று அந்த முதலாளியைக் கண்டேன். அவரும் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர்தாம். பையனைப் பாடசாலை நாட்களில் விட்டுவிட்டுச் சனி, ஞாயிறும் விடுமுறை நாட்களும் முழுநாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். கிழமையில் இரண்டு நாள் மட்டும் விடலாம், மற்ற நாட்களைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்றார். இப்பொழுது செவ்வாயும் வியாழனும் அவன் முதற் பாடவேளையில் விழித்திருக்கிறான். மற்ற மூன்று நாட்களுக்காக நான் இன்னும் அந்தச் சந்தைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன்.