அட்டாமிக் ஃபாரஸ்ட்: தட்டு வருமுன் கலைந்த குழு

அட்டாமிக் ஃபாரஸ்ட், 1970களில் பம்பாயில் இயங்கிய ராக் இசைக்குழு. அது வெளியிட்ட ஒரே இசைத்தட்டு 'அப்செஷன் 77'. பெயரில் உள்ள ஆண்டுக்கும் தட்டு கடைக்கு வந்த ஆண்டுக்கும் நான்கு வருட இடைவெளி. பாலிடார் முத்திரையுடன் அது வெளியானது 1981இல்; அதற்குள் குழு கலைந்திருந்தது.

இந்திய இளைஞர்களின் காதில் மேற்கத்திய இசையை முதலில் போட்டது வானொலி. 1952இல் பி.வி. கேஸ்கர் அமைச்சரானதும் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களையே ஒதுக்கிவைக்க, நேயர்கள் இலங்கை வானொலிக்குத் தாவினார்கள். சிக்கல், சாயல்குடி போன்ற இராமநாதபுரக் கடலோர ஊர்களுக்கு அது கூப்பிடு தூரத்து நிலையம்; அங்கே தமிழ்ச் சேவையே ராஜா. பம்பாய், கல்கத்தா, பெங்களூருப் பிள்ளைகளோ அதன் ஆங்கிலச் சேவையில் புதுப்புது ராக் பாடல்களைப் பிடித்தார்கள். கேட்டதை வாசித்துப் பார்க்க மேடை தந்தது ஒரு சிகரெட். சிம்லா என்ற சிகரெட்டை விற்பதற்காக நடத்தப்பட்ட 'சிம்லா பீட்' போட்டியிலிருந்து 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் தொகுப்புத் தட்டுகள் வந்தன. கல்கத்தாவின் கிரேட் பேர், ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் போன்ற குழுக்களின் குரல் இன்று கேட்கக் கிடைப்பது புகையிலைக்காரர்களின் புண்ணியத்தில்தான்.

1972இல் லெட் செப்பலின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்டும் பம்பாய் வந்து, கொலாபாவின் ஸ்லிப் டிஸ்க் என்ற சிறிய டிஸ்கோதேயில் ஏறி வாசித்தார்கள். நகரத்து சினிமா வாத்தியக்காரர்களை வைத்து இரண்டு பாடல்களை ஒலிப்பதிவும் செய்தார்கள். அவை முறையாக வெளிவர 2015 வரை ஆனது. பம்பாயில் பதிவானது வெளியே வரத் தாமதமாவது உள்ளூர்க் குழுவுக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல.

அட்டாமிக் ஃபாரஸ்ட் இந்தச் சூழலில் உருவானது. கீத் காங்கா அதன் தூண். கிட்டாரில் நீல் சட்டோபாத்யாய. பாடகர்களில் இருவர் மேடை நாடகத்தால் அறியப்பட்டவர்கள். அலிக் பதம்சி 1974இல் பம்பாயில் அரங்கேற்றிய 'ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்' இசை நாடகத்தில் மதுகர் சந்திர தாஸ் இயேசுவாகவும், நந்து பேண்டே யூதாஸாகவும் நடித்தார்கள். நந்து, மராத்தி நாடக உலகின் ஆத்மாராம் பேண்டேயின் மகன்.

இவர்கள் வாசித்ததை ஹெவி மெட்டல் என்று இன்றைய ரசிகர் ஒப்புக்கொள்வது சந்தேகம். ஹென்ட்ரிக்ஸின் 'ஃபாக்ஸி லேடி', டீப் பர்ப்பிளின் 'மேரி லாங்' போன்ற கடும் ராக் பாடல்களோடு ஆட்டத்துக்கேற்ற ஃபங்க் தாளமும் கலந்திருந்தது. கேட்க வந்தவர்கள் தெரிந்த பாடலைத்தான் கேட்பார்கள் என்பதால் அடுத்தவர் பாட்டே அதிகம். தட்டின் பெயரையே தாங்கிய சொந்தச் சரக்கு 'அப்செஷன் 77', கிட்டார் கரகரக்கும் வாத்திய இசை. குழுவின் பெயர் இன்று நிற்பது அந்த ஒன்றால்தான்.

அதே காலத்து பிரிட்டனோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். ஷெஃபீல்டின் டெஃப் லெப்பர்ட் 1979இல் தன் கைக்காசில் முதல் தட்டை அச்சிட்டது. ஸ்டூர்பிரிட்ஜின் விட்ச்ஃபைண்டர் ஜெனரல் ஐந்தாறு வருடமே தாக்குப்பிடித்தாலும் 1982, 1983 என இரண்டு ஆல்பங்களைப் போட்டுவிட்டுத்தான் ஓய்ந்தது. அங்கே சிறிய நிறுவனங்கள் தெருவுக்கு ஒன்றாக முளைத்திருந்தன. இங்கே தட்டு அச்சிட இருந்தவை ஓரிரண்டு பெரிய நிறுவனங்கள்; அவற்றுக்கு வியாபாரம் சினிமாவில். வெளிநாட்டு கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் சிக்கியிருந்தன. திறமைக் குறைவால் குழு நசித்தது என்று யாரும் சொல்ல முடியாது.

தட்டு வந்த 1981 இன்னொரு வகையிலும் தப்பான நேரம். முந்தைய ஆண்டு 'குர்பானி' படப் பாடலால் நாட்டையே ஆட்டிய நாசியா ஹசன், பெங்களூரில் வளர்ந்த பித்துவின் இசையில் 'டிஸ்கோ தீவானே'யோடு வந்த ஆண்டு அது. ராக் தட்டை யார் சீந்துவார்? நந்து பேண்டேயும் பிறகு டிஸ்கோ பாடினார்.

ராக்கை நம்பிப் பிழைக்க முடியாத வாத்தியக்காரர்களுக்குச் சென்னையில் வேறு வழி இருந்தது. மின்கிட்டாரும் கீபோர்டும் வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் கோடம்பாக்கம் சோறு போட்டது. இளையராஜாவின் பாடல்களில் சதானந்தத்தின் கிட்டாரும் விஜி மேனுவலின் கீபோர்டும் ஒலிப்பதைத் தமிழ்க் காதுகள் அறியும். 1980களில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவில் இருந்த இளைஞர் ஒருவரும் இதே வழியில்தான் போனார். அவர் ஏ.ஆர். ரகுமான்.

பம்பாயில் 1984இல் தொடங்கிய ராக் மெஷின், 1988இல் சொந்தப் பாடல்களோடு 'ராக் அண்ட் ரோல் ரெனிகேட்' வெளியிட்டது. அட்டாமிக் ஃபாரஸ்டை அப்போது நினைத்தவர்கள் சிலரே. வெளிநாட்டில் பழந்தட்டு வேட்டைக்காரர்கள் கண்டெடுத்த பின்னரே அதன் மதிப்பு ஏறியது. 2011இல் அமெரிக்காவின் நவ்-அகெய்ன் நிறுவனம் அதன் பதிவுகளைத் திரட்டி மறுவெளியீடு செய்தது. நந்து பேண்டே 2014 ஏப்ரலில் காலமானார். தன் இளமைக்கால இசையை அயல்நாட்டார் காசு கொடுத்து வாங்கியதை அவர் இருந்து பார்த்தார்.