வலி கண்ட நேரமும் வழித் தூரமும்

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் உள்ள குப்பங்களில், வீட்டில் பிள்ளை பெறுவதற்கென்று ஒரு திட்டம் இருந்தது. யாரும் எழுதி வைக்காத திட்டம். வலி கண்டவளுக்கு எத்தனையாவது பேறு என்று முதலில் கேட்பார்கள். அடுத்ததாக, போன தடவை எவ்வளவு நேரத்தில் பிறந்தது என்று கேட்பார்கள். இந்த இரண்டாவது கேள்வி நம் காலத்தில் காணாமல் போய்விட்டது. நான் இந்தக் கரையோரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தக் கேள்வி எதற்காக இருந்தது, எப்படிப் போனது என்பதை எழுதிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கி அழைத்துப் போய்விடுவார்கள். தலைச்சன் வலி பெரும்பாலும் நீளும். காலையில் கண்டால் இரவில் பிறக்கும், சிலருக்கு மறுநாளும் ஆகும். அந்த நீண்ட வலிக்கு அம்மா, பாட்டி, அத்தை எல்லாரும் பக்கத்தில் இருப்பார்கள். இரண்டாவது, மூன்றாவது பேறுகள் பெரும்பாலும் புருஷன் வீட்டில் நடக்கும். வேகமாக வருகிறவை அவைதான். ஆக, நேரம் இருந்த பேற்றுக்கு ஆளும் இருந்தது. நேரம் இல்லாத பேறு ஆள் குறைந்த வீட்டில் நடந்தது.

குப்பங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். விடிவதற்கு வெகு முன்பே ஆண்கள் கட்டுமரம் தள்ளிப் போயிருப்பார்கள். அவர்கள் கரை திரும்பும் நேரத்துக்குப் பெண்கள் கூடையோடு கரைக்குப் போவார்கள். மீனை ஏலம் எடுத்து, தலையில் சுமந்து, திருப்போரூர்ப் பக்கமோ திருக்கழுக்குன்றம் பக்கமோ விற்கப் போய்விடுவார்கள். அந்த வேளையில் வலி கண்டால் வண்டி பிடிக்கவும் ஆள் கிடையாது. வீட்டில் இருப்பது மாமியார் கிழவியும் சின்னப் பிள்ளைகளும்தான்.

மேற்கே போக வேண்டுமானால் நடுவில் கால்வாய் கிடக்கும். 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகச் சென்னைக்குள் இணைப்பு வெட்டப்பட்டு, அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் பெயரைப் பெற்ற அதே கால்வாய்தான். சென்னைக்கு உப்பும் விறகும் கொண்டு போக அது வசதியாக இருந்தது. செங்கல்பட்டுக்குப் போக வேண்டிய கர்ப்பிணிக்கு அது ஒரு தடை. பாலங்கள் வருவதற்கு முன்னால் தோணிக்காரனைக் கூப்பிட்டு, அக்கரை போய், மாட்டுவண்டி பிடிக்க வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் பிறந்துவிட்டால் அதை மிகை வேகப் பிரசவம் என்கிறது மருத்துவம். அந்த மூன்று மணி நேரத்தில் வண்டி திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியிருந்தாலே பெரிது.

அதனால் போவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் திட்டம். உள்ளூர்ப் பக்கம் நாவிதர் குடும்பத்துப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். 1909-ல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலேயே அது பதிவாகியிருக்கிறது. அந்த வேலைக்கு ஊர் கொடுத்தது படி அரிசியும் பழம் புடவையும். தீட்டு வேலை என்று வாசலோடு நிறுத்தியதும் இதே ஊர்தான். உயிரைக் கையில் ஏந்தியவளை இப்படி நடத்தியதை நம் வரலாற்றின் அநியாயங்களில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன். குப்பங்களிலும் இருளர் குடியிருப்புகளிலும் கைராசியுள்ள மூத்த பெண் ஒருத்தி தன் சனத்துக்குத் தானே பார்த்தாள். எல்லாருக்கும் அவள் ஆயா.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அப்படிப்பட்ட ஒரு ஆயா எங்கள் பகுதியில் இருந்தார். பார்வை மங்கியிருந்தாலும் ஞாபகம் மங்கவில்லை. யார் எந்தப் பிள்ளையை எவ்வளவு நேரத்தில் பெற்றாள் என்று வீடு வீடாகச் சொல்வார். என் பதிவேட்டில் அதற்குப் பத்தியே இல்லை.

“நர்ஸம்மா, வேகக்காரிக்குக் கஷாயம் போட்டுக்கிட்டு ஒக்காராதே” என்பார். சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பது நம் பக்கத்துப் பழைய சோதனை. வலி அடங்கினால் சூட்டு வலி, கூடினால் பிள்ளை வலி. தலைச்சனுக்கு அது சரி. வேகமாகப் பெறுகிறவளுக்குத் தண்ணீர் கொதிக்கும் முன்பே தலை தெரிந்துவிடும். அப்படிப்பட்டவள் வீட்டில் ஒன்பதாம் மாதம் பிறந்ததுமே ஒரு மூட்டை கட்டி வைக்கச் சொல்வார். துவைத்துக் காய்ந்த பழம் புடவை, நூல், பிரிக்காத பிளேடு, விளக்கெண்ணெய். எதிர்வீட்டுப் பையன் ஒருவனிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், எந்நேரமானாலும் ஓடி வந்து கதவு தட்ட. அவள் ஒற்றையாகக் கரைக்குப் போகக் கூடாது, கூடை தூக்கக் கூடாது.

வலி பார்க்கிற முறையும் வேறு. நீளுகிற வலிக்கு உத்தரத்தில் கயிறு கட்டிப் பிடிக்கச் சொல்லி, நடக்கவிட்டு, குந்த வைப்பார்கள். வேகக்காரியை நிற்கவே விடமாட்டார் ஆயா. ஒருக்களித்துப் படுக்க வைத்து, முக்காதே, மூச்சை விட்டுவிட்டு வாங்கு என்பார். தலை பாய்ந்து வந்தால் தாய்க்குக் கிழிசல் ஆகும், நின்றபடி பிறந்தால் பிள்ளை தரையில் விழும், கொடி அறும். பாடப் புத்தகத்தில் நான் படித்ததும் இதுதான். உள்ளங்கையை விரித்துத் தலையைத் தாங்கி, மெல்ல மெல்ல விடுவதை அவர் காற்றில் செய்து காட்டியபோது, படித்ததை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

திருச்சியில் காவிரி வெள்ளத்தால் மகளின் பேற்றுக்கு வர முடியாத தாய்க்குப் பதிலாக இறைவனே தாயாக வந்தார் என்று தாயுமானவர் கதை சொல்கிறது. துணை வந்து சேராத பிரசவத்தின் பயம் எவ்வளவு பழையது என்பதற்கு அந்தக் கோயிலே சாட்சி.

ஆயாவின் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்லவில்லை. அவரே சொன்ன ஒரு சாவு உண்டு. மூன்றாம் பேறு, கண்மூடித் திறப்பதற்குள் பிறந்துவிட்டது, நஞ்சும் விழுந்துவிட்டது. கரையெல்லாம் சர்க்கரை கொடுத்தார்கள். பிறகு உதிரம் நிற்கவில்லை. தோணி வந்து அக்கரை சேர்வதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள். மிக வேகமாகப் பிரசவித்த கருப்பை சில சமயம் சுருங்காமல் தளர்ந்து கிடக்கும், அப்போது ரத்தப்போக்கு நிமிடக் கணக்கில் ஆளைக் கொல்லும். அதற்கு ஊசி வேண்டும், ரத்தம் வேண்டும். கைராசி போதாது. கொடியை அரிவாளால் அறுத்த வீடுகளில் பச்சைக் குழந்தைகள் வில்லாக வளைந்து ரணஜன்னியில் இறந்தன. தடுப்பூசியும் சுத்தமான பிளேடும் சேர்ந்துதான் அதை ஒழித்தன. தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதே 2015-ல்தான்.

அரசு இந்தப் பிரச்சினைக்குள் மெதுவாகத்தான் வந்தது. சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ல் தொடங்கியது. பிறகு எழும்பூருக்கு இடம் மாறி இன்றும் நடக்கிறது. மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகளைப் பதிவு செய்யும் சட்டம் 1926-ல் வந்தது. கரையோரக் குப்பத்துக்கு இவை எதுவும் எட்டவில்லை. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் தொடங்கிய வி.எச்.எஸ். என்ற தன்னார்வ மருத்துவ நிறுவனம், இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சிறு நலமையங்களைத் திறந்தது பெரிய காரியம். ஊருக்குள்ளேயே ஒரு பயிற்சி பெற்ற பெண் இருக்க வேண்டும் என்ற யோசனை அது. செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி 1965-ல் வந்தது. அதன் பிறகு எங்களைப் போன்ற செவிலியர்களும், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளுக்குக் கொடுத்த பிரசவப் பெட்டிகளும் வந்தன.

1995-ல் சிசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் கானத்தூர் ரெட்டிக்குப்பத்துக்கு வந்து பெண்களிடம் பேசினார். 2003-ல் அது புத்தகமாக வந்தது. நம் கரையோரப் பிரசவத்தைப் பற்றி அவ்வளவு பொறுமையாக எழுதியவர்கள் குறைவு. வலியைக் கூட்டும் ஊசியைப் பெண்களே விரும்பிக் கேட்டதை அவர் பதிவு செய்திருக்கிறார். வீட்டுப் பிரசவத்துக்கும் அந்த ஊசியைப் போட ஆட்கள் வந்தார்கள். நானும் அதைக் கண்டிருக்கிறேன். சீக்கிரம் பிறந்தால் நல்லது என்ற எண்ணம் அப்படித்தான் பரவியது. ஆயா அஞ்சிய வேகத்தை அடுத்த தலைமுறை காசு கொடுத்து வாங்கியது. கண்காணிப்பில்லாமல் போட்ட அந்த ஊசி கருப்பையைக் கிழிக்கும், குழந்தையை மூச்சுத் திணறடிக்கும். அதைத் தடுக்க நாங்கள் படாத பாடு பட்டோம்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர் இருக்கத் தொடங்கினார்கள். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 2006-ல் 6,000 ரூபாயாகவும் பின்னர் 12,000, 18,000 என்றும் உயர்ந்தது. 2008 செப்டம்பரில் 108 வண்டி வந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவ நிலையங்களில் நடந்திருக்கிறது. இதில் எனக்குப் பெருமைதான். நாங்கள் வெயிலில் நடந்த நடையும் அதில் இருக்கிறது. 2018-ல் திருப்பூரில், வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று முயன்ற ஒரு இளம்பெண் ரத்தப்போக்கில் இறந்த செய்தி வந்த அன்று, இத்தனை நாள் சொன்னதெல்லாம் வீணா என்று அழுதேன்.

ஆனால் ஆயாவோடு அவர் கேட்ட கேள்வியும் போய்விட்டது. தாய்சேய் அட்டையில் எடை இருக்கிறது, ரத்த அளவு இருக்கிறது, தேதி இருக்கிறது. போன பிரசவத்தில் வலி கண்டதிலிருந்து பிறந்தது வரை எத்தனை மணி நேரம் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காததால்தான் ஒருத்திக்கு ஆட்டோவிலும், இன்னொருத்திக்கு வீட்டு வாசலிலும் பிறக்கிறது. அவர்கள் வீட்டில் பெற விரும்பியவர்கள் இல்லை. நேரம் அவர்களை முந்திவிட்டது, அவ்வளவுதான். அவர்களைப் பார்த்து, ஏன் முன்னாலேயே வரவில்லை என்று கடிந்துகொள்கிறோம். முதல் வலிக்கே வந்த ஒருத்தியை, இன்னும் வாய் திறக்கவில்லை, போய்விட்டு வா என்று ஒரு மருத்துவமனையில் திருப்பி அனுப்பியதையும், அவள் வழியிலேயே பெற்றதையும் நான் அறிவேன்.

செய்ய வேண்டியது நமக்குத் தெரியாததல்ல. மலைப் பகுதிகளில் பிரசவக் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன, தேதிக்கு முன்பே வந்து தங்குகிறார்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் தேதி நெருங்கிய கர்ப்பிணிகளைப் பட்டியல் எடுத்து முன்னதாகவே மருத்துவமனையில் சேர்ப்பது இந்த மாநிலத்தின் வழக்கம். அந்தப் பட்டியலில் வேகமாகப் பெறுகிறவர்களுக்கு ஒரு நிரந்தர இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் வீட்டில் ஒருத்திக்கு முந்தைய பேறு மூன்று மணி நேரத்துக்குள் ஆகியிருந்தால், அடுத்த முறை அட்டை போடும்போதே அதைச் சொல்லுங்கள். அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். 37 வாரம் ஆனதும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்க முடியுமா, முன்கூட்டியே சேர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதல் வலிக்கே, பனிக்குடம் உடைந்த உடனே கிளம்புங்கள். அதையும் மீறி வீட்டிலேயே பிறக்கும் நிலை வந்துவிட்டால் தாயைப் படுக்க வையுங்கள், காலை இறுக்கிப் பிறப்பைத் தடுக்காதீர்கள், கொடியை இழுக்காதீர்கள், அறுக்கவும் அவசரப்படாதீர்கள். குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் போட்டு மூடுங்கள், பால் குடிக்க விடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நன்றாகப் பிறந்துவிட்டதே என்று இருந்துவிடாமல், உதிரம் எவ்வளவு போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து, தாயையும் பிள்ளையையும் மருத்துவமனைக்குக் கொண்டு சேருங்கள்.