ஹாவ்கினும் தடுப்பூசியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்து மக்களை அஞ்சி நடுங்கச் செய்த கொள்ளை நோய்களுள் வைசூரியும் வாந்திபேதியும் தலையாயவை. முன்னையதைத் தடுக்கும் அம்மைப்பால் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. பின்னையதற்கோ காரணம் இன்னதென்பதே நெடுங்காலம் துணியப்படவில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, இடையிலே சில ஆண்டுகள் நீங்கலாக 1873 வரை இங்கு பணியாற்றி, மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த டாக்டர் கிறீன், தம் பணிக்காலம் முழுவதும் காரணம் துணியப்படாத பகையோடேயே போராடினார். ஜெர்மானியரான கொக் கல்கத்தாவிலே வாந்திபேதிக் கிருமியை ஆராய்ந்து உறுதிசெய்த 1884 ஆம் ஆண்டிலேதான் கிறீன் அமெரிக்காவிற் காலமானார்.

கிருமி தெரிந்ததும் அதற்கு மாற்றுத் தேடும் முயற்சி தொடங்கிற்று. ஸ்பெயின் தேசத்தவரான பெரான் 1885 இலேயே பல்லாயிரவர்க்கு ஊசியிட்டார். ஆனால் அதன் பயனைத் தக்க கணக்குக்கொண்டு நிறுவினாரல்லர். அறிஞர் பலர் அவரை நம்பவில்லை.

இக்குறையை நீக்கியவர் ஹாவ்கின். 1860 இல் ஒடெசாவில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்தவர் இவர். 1892 ஜூலை 18 இல் தாம் ஆக்கிய வாந்திபேதி ஊசியைத் தம் உடம்பிலேயே முதலிற் செலுத்திக்கொண்டார். மறு ஆண்டு இந்தியா வந்தார். 1894 இல் கல்கத்தாச் சேரியொன்றிலே ஏறக்குறைய 200 பேருள் 116 பேர் ஊசி பெற்றனர். பின்னர் அங்கு நோயுற்றோர் 10 பேர். இறந்தோர் 7 பேர். அப்பதின்மருள் ஒருவரேனும் ஊசி பெற்றவரல்லர். ஒரே இடத்தில் வாழ்ந்து ஒரே நீரைப் பருகியோருள் ஊசி பெற்றாரையும் பெறாதாரையும் ஒப்புநோக்கிய இம்முறையே, ஊசியினும் பெரிய கண்டுபிடிப்பு எனல் தகும்.

1896 இல் பம்பாயிற் பிளேக்கு நோய் தோன்றவே, அரசினர் அவரை அங்கு அழைத்தனர். இறைச்சிச் சாற்றின்மேல் நெய்த் துளிகளை மிதக்கவிட்டால், கிருமிகள் அவற்றைப் பற்றி விழுதுபோற் கீழ்நோக்கித் தொங்கி வளர்வதை அவர் கண்டார். அவ்வாறு வளர்த்த கிருமிகளை வெப்பத்தாற் கொன்று ஊசிமருந்து ஆக்கினார். 1897 ஜனவரி 10 இல் அதனையும் முதலிற் பெற்றவர் அவரே. பின்னர் பைகுல்லாச் சிறையிலே நோய் பரவியபோது ஊசி பெறாத 172 பேருள் 12 பேர் நோயுற்று 6 பேர் மாண்டனர்; பெற்ற 147 பேருள் இருவர் நோயுற்றனர், எவரும் இறந்திலர். எனினும் நெறிகட்டும் வகைப் பிளேக்கினைத் தடுத்த அளவுக்கு, நுரையீரலைப் பற்றி மூச்சுவழிப் பரவும் வகையைத் தடுக்கும் ஆற்றல் அம்மருந்துக்கு இருக்கவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும்.

1902 அக்டோபர் 30 இல் பஞ்சாப்பிலுள்ள முல்கோவால் என்னும் ஊரில் 107 பேர் ஊசி பெற்றனர். அவருள் 19 பேர் ஏற்புவலி கண்டு இறந்தனர். பத்தொன்பதின்மரும் ஒரே குப்பி மருந்தைப் பெற்றவர்கள். ஏனைய குப்பிகளிலிருந்து பெற்ற 88 பேருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. ஆகவே பழுது அக்குப்பியில் இருந்தது தெளிவு. அது பம்பாய் ஆய்வுகூடத்தில் நேர்ந்ததா, ஊரிலே குப்பியைத் திறந்தபோது நேர்ந்ததா என்பதே வினா. இந்திய விசாரணைக் குழு ஆய்வுகூடத்தையே குறைகூறிற்று. ஹாவ்கின் பதவி இழந்தார்.

குப்பியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி நிலத்தில் விழுந்ததும், அதனை முறைப்படி வெப்பத்தாற் சுத்திசெய்யாது மருந்து நீரில் தோய்த்தெடுத்ததும் சாட்சியத்தில் இருந்தன. மூடிய குப்பியினுள்ளே ஏற்புவலிக் கிருமி பல நாள் வளர்ந்திருப்பின் திறந்தபோது துர்நாற்றம் வீசியிருக்கும். அங்ஙனம் எவரும் உணர்ந்திலர். கண்முன் இருந்த இச்சான்றுகளைக் குழுவினர் நிறுத்துப் பார்க்கத் தவறியது வியப்புக்குரியது. இலண்டனில் றொனால்ட் றொஸ் முதலான அறிஞர் 1907 இல் 'டைம்ஸ்' பத்திரிகையிற் பகிரங்கமாக வழக்காடிய பின்னரே பழி நீங்கிற்று.

ஐந்தாண்டுகள் கழிந்தபின் வந்த அந்நீதி அரைகுறையானதே. இந்தியா திரும்பிய ஹாவ்கினுக்குக் கல்கத்தாவில் வேலை கிடைத்தது. பம்பாய் ஆய்வுகூடம் கிடைக்கவில்லை. புதிய ஊசிகளை மக்களிடத்துச் சோதிக்கவும் இடந்தரப்படவில்லை. 1925 இல் அவ்வாய்வுகூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டபோது அவர் ஐரோப்பாவில் வாழ்ந்துவந்தார். 1930 இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிற் காலமானார்.