இத்தாலிய இறைச்சி உருண்டை: பழைய ரொட்டியில் பிறந்த பக்குவம்

இத்தாலிய உணவு என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது, ஸ்பகெட்டியின் மேல் ஊற்றிய தக்காளிக் குழம்பும் அதில் கிடக்கும் பெரிய இறைச்சி உருண்டைகளும்தான். ஆனால், இத்தாலிய வீடுகளில் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பது பொதுவான வழக்கமன்று. அங்கு ‘பொல்பெத்தே’ எனப்படும் இறைச்சி உருண்டைகள் அளவில் சிறியவை. பாஸ்தா உண்டு முடித்த பிறகு, இரண்டாவது உணவாகத் தனியே பரிமாறப்படுபவை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இந்த உருண்டையின் சிறப்பு இறைச்சியின் அளவில் இல்லை. காய்ந்துபோன ரொட்டியையும் மிஞ்சிய இறைச்சியையும் வீணாக்காமல் ஒரு குடும்பத்தின் பசியாற்றிய சிக்கனம்தான் இதன் அடிப்படை. அதனால்தான் இறைச்சியை மட்டும் பிசைந்து செய்யும் உருண்டை கல்போல் இறுகிவிட, ரொட்டி சேர்த்த உருண்டை மிருதுவாக இருக்கிறது.

பெயரும் பழமையும்

15ஆம் நூற்றாண்டில் மாஸ்ட்ரோ மார்ட்டினோ என்ற புகழ்பெற்ற சமையற்காரர் தம் நூலில் ‘பொல்பெத்தே’ என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். அப்போது அது, மெல்லியதாக அரிந்த கன்றிறைச்சியைச் சுருட்டிக் கம்பியில் கோத்துச் சுடுவதைக் குறித்தது. கொத்திய இறைச்சியை உருட்டும் முறை பிற்காலத்தில் அப்பெயரைப் பெற்றது.

1891ஆம் ஆண்டு பெல்லகிரினோ அர்த்தூசி வெளியிட்ட சமையல் நூல் இன்றும் இத்தாலிய வீடுகளில் புரட்டப்படுகிறது. அதில் உருண்டைக்கு அவர் எடுத்துக்கொள்வது, சூப்புக்காக வேகவைத்து மிஞ்சிய இறைச்சியைத்தான். வடக்கே மிலான் நகரத்தின் ‘மொண்டெகிலி’ உருண்டையும் மிஞ்சிய இறைச்சியில் செய்யப்படுவதே. அதை ரொட்டித்தூளில் புரட்டி வெண்ணெயில் பொரிப்பார்கள். தக்காளிக் குழம்பு கிடையாது. உருண்டையைக் குழம்பில் வேகவைக்கும் முறைக்குத் தென் இத்தாலி பெயர்பெற்றது.

தக்காளி வந்த கதை

இன்று தக்காளி இல்லாத இத்தாலியச் சமையலை நினைத்துப் பார்ப்பது கடினம். எனினும், தக்காளி அந்த மண்ணுக்குரியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில்தான் அது இத்தாலியை எட்டியது. நெடுங்காலம் பலர் அதை உண்ணத் தயங்கினர்.

நேப்பிள்ஸ் நகரில் பணியாற்றிய அந்தோனியோ லத்தீனி 1690களில் வெளியிட்ட நூலில், தக்காளிக் குழம்புச் செய்முறை ஒன்று ‘ஸ்பானிய முறை’ என்ற பெயரில் இடம்பெற்றது. இத்தாலியில் அச்சேறிய தொடக்ககாலத் தக்காளிக் குழம்புக் குறிப்பு அதுவே. பாஸ்தாவோடு தக்காளி சேர்ந்து பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான்.

ரொட்டி செய்யும் வேலை

கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு கறியைப் பிடித்து வைப்பதை நாம் அறிவோம். இத்தாலிய உருண்டையில் பாலில் ஊறிய ரொட்டி அதற்கும் மேலே ஒரு வேலை செய்கிறது. இறைச்சி சூடேறும்போது அதிலுள்ள புரதம் சுருங்கிச் சாற்றை வெளியேற்றும். ரொட்டியின் மாவுச்சத்து அந்தச் சாற்றை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்கிறது. புரத இழைகள் ஒன்றோடொன்று இறுக ஒட்டாமல் இடையே நின்றும் தடுக்கிறது.

சப்பாத்தி மாவைப்போல அழுத்திப் பிசைவதே பலர் செய்யும் தவறு. உப்புச் சேர்த்த இறைச்சியை அதிகம் பிசைந்தால் அது பசைபோல் ஒட்டிக்கொண்டு, வெந்ததும் ரப்பர்போல் ஆகிவிடும். விரல் நுனிகளால் கலந்தாலே போதும்.

தேவையான பொருள்கள் (4 பேருக்கு, ஏறக்குறைய 20 உருண்டைகள்)

உருண்டைக்கு:
• கொத்திய இறைச்சி – 500 கிராம்
• ஓரம் நீக்கிய பழைய வெள்ளை ரொட்டி – 100 கிராம் (ஏறக்குறைய 5 துண்டுகள்)
• பால் – 150 மில்லிலிட்டர்
• முட்டை – 1
• துருவிய பார்மிசான் பாலாடைக்கட்டி – 50 கிராம்
• பூண்டு – 1 பல், நசுக்கியது
• பார்ஸ்லி இலை – ஒரு கைப்பிடி, பொடியாக நறுக்கியது
• உப்பு – 1 தேக்கரண்டி
• மிளகுத்தூள் – அரை தேக்கரண்டி
• சாதிக்காய்த் தூள் – ஒரு சிட்டிகை

குழம்புக்கு:
• டின்னில் அடைத்த முழுத் தக்காளி – 400 கிராம் டின் 2
• ஆலிவ் எண்ணெய் – 3 மேசைக்கரண்டி
• சிறிய வெங்காயம் – 1, பொடியாக நறுக்கியது
• பூண்டு – 2 பல்
• பேசில் இலை – 6 அல்லது 7
• உப்பு – தேவையான அளவு

இத்தாலியில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் கலந்து செய்வது பரவலான வழக்கம். அவற்றைத் தவிர்ப்போர் ஆட்டிறைச்சி அல்லது கோழியின் தொடை இறைச்சியைப் பயன்படுத்தலாம். நெஞ்சுக்கறி மட்டும் போட்டால் உருண்டை வறண்டுவிடும். அசல் பார்மிசான் பாலாடைக்கட்டி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் நொதியைக் கொண்டு பாலைத் திரித்துச் செய்யப்படுவது. மாட்டைத் தவிர்ப்பவர்கள், சைவ நொதியால் ஆனது என்று உறையில் குறிப்பிட்ட பாலாடைக்கட்டியை வாங்குவது நல்லது.

செய்முறை

1. முதலில் குழம்பு. அடிகனமான அகன்ற சட்டியில் எண்ணெய் ஊற்றி, வெங்காயத்தை மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் வதக்க வேண்டும். வெங்காயம் சிவக்கக்கூடாது, கண்ணாடிபோல் ஆனால் போதும். பூண்டைச் சேர்த்து ஒரு நிமிடம் கிளற வேண்டும்.

2. தக்காளியைக் கையால் பிசைந்து சாறோடு ஊற்றி, உப்புப் போட்டு, சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்க விட வேண்டும். மசாலைத்தூள் எதுவும் சேர்ப்பதில்லை. காரம் வேண்டுவோர், தென் இத்தாலியர் செய்வதுபோல் ஒரு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போடலாம்.

3. குழம்பு கொதிக்கும் நேரத்தில் ரொட்டியைப் பிய்த்துப் பாலில் 10 நிமிடம் ஊறவைத்து, லேசாகப் பிழிந்து, கட்டியில்லாமல் மசிக்க வேண்டும். அதில் முட்டை, பாலாடைக்கட்டி, பூண்டு, பார்ஸ்லி, உப்பு, மிளகு, சாதிக்காய் ஆகியவற்றைக் கலந்துவிட்டு, கடைசியாக இறைச்சியைச் சேர்க்க வேண்டும். இந்த வரிசையில் கலந்தால் இறைச்சியை அதிகம் பிசைய நேராது.

4. கலவையைக் குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்தால் உருட்டுவது எளிது. கையை நீரில் நனைத்துக்கொண்டு, எலுமிச்சங்காய் அளவில் உருட்ட வேண்டும்.

5. வேறொரு வாணலியில் எண்ணெயைச் சூடாக்கி, உருண்டைகளை எல்லாப் பக்கமும் பொன்னிறமாகத் திருப்பி எடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் நெருக்கிப் போட்டால் நீர்விட்டு வெந்துவிடும், சிவக்காது.

6. சிவந்த உருண்டைகளைக் கொதிக்கும் குழம்பில் இறக்கி, பாதி மூடி, சிறு தீயில் 25 நிமிடம் வேகவிட வேண்டும். கரண்டியால் கிளறினால் உடையும். சட்டியை மெல்ல அசைத்தால் போதும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வந்ததும் பேசில் இலையைக் கிள்ளிப் போட்டு இறக்கலாம்.

கொத்திய இறைச்சி நடுவரை நன்கு வெந்திருக்க வேண்டும். வெப்பமானி வைத்திருப்போர், ஆட்டிறைச்சிக்கு 71 டிகிரி செல்சியஸ், கோழிக்கு 74 டிகிரி இருப்பதை உறுதிசெய்யலாம். டின் தக்காளிக்குப் பதில் சந்தைத் தக்காளியைப் பயன்படுத்துவோர், நன்கு பழுத்ததைக் கொதிநீரில் போட்டுத் தோலுரித்து, நீர் வற்றும்வரை 40 நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும்.

கடல் கடந்த உருண்டை

ஸ்பகெட்டியும் பெரிய உருண்டையும் ஒரே தட்டில் சேர்ந்தது அமெரிக்காவில். 1880 முதல் 1920 வரை 40 இலட்சத்துக்கும் அதிகமான இத்தாலியர்கள் அங்குக் குடியேறினர். அவர்களில் பெரும்பாலோர் தென் இத்தாலியின் ஏழை விவசாயக் குடும்பத்தினர். சொந்த ஊரில் இறைச்சி என்பது பண்டிகை நாளில் மட்டும் கிடைத்த பொருள். அமெரிக்காவில் கூலி வேலை செய்தவர்களும் அதை அடிக்கடி வாங்க முடிந்தது. எனவே உருண்டை பெரிதாயிற்று. அதில் ரொட்டியின் பங்கு குறைந்து இறைச்சியின் பங்கு கூடியது. மலிவாகக் கிடைத்த ஸ்பகெட்டியும் டின் தக்காளியும் அதனுடன் சேர்ந்துகொண்டன.

ஆயினும், இத்தாலியில் பாஸ்தாவும் உருண்டையும் சேரவே சேராது என்று சொல்வது சரியாகாது. அப்ருட்சோ மாநிலத்தின் தெராமோ வட்டாரத்தில், கடலை அளவே உள்ள குட்டி உருண்டைகளைப் பாஸ்தாவுடன் கலந்து பரிமாறும் வழக்கம் உண்டு.

இறைச்சி இல்லாமலும்

அதே அப்ருட்சோவில் ‘பல்லோத்தே’ என்ற இன்னொரு உருண்டை இருக்கிறது. பழைய ரொட்டி, பாலாடைக்கட்டி, முட்டை ஆகிய மூன்றையும் பிசைந்து உருட்டிப் பொரித்து, தக்காளிக் குழம்பில் வேகவைப்பார்கள். இறைச்சி வாங்க வழியில்லாத வீடுகள் கண்டுபிடித்த இந்த உணவை இன்று உணவகங்களிலும் விரும்பிக் கேட்கிறார்கள். முட்டை உண்ணும் சைவர்களுக்கு இது ஏற்றது.

மிஞ்சிய உருண்டைகளைக் குழம்போடு குளிர்பெட்டியில் 3 நாள்வரை வைக்கலாம். மறுநாள் சுவை கூடியிருக்கும். தட்டில் ஒட்டியிருக்கும் குழம்பை ஒரு துண்டு ரொட்டியால் துடைத்து உண்பதை இத்தாலியர்கள் ‘ஸ்கார்ப்பெத்தா’ என்பார்கள். ‘சின்னக் காலணி’ என்பது அதன் பொருள். ஆக, பழைய ரொட்டியில் தொடங்கும் இந்தச் சமையல், ரொட்டியிலேயே முடிகிறது.