சொந்த அஞ்சலகத்தின் காவல்
இலங்கையின் மின்னஞ்சல் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமுதாயம் தன் கடிதங்களை எங்கே வைத்திருக்கின்றது, அவற்றின் திறப்பு யார் கையில் உள்ளது என்னும் வினா வரலாற்று மாணவர்க்குப் புதியதன்று. ஒல்லாந்தர் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் கொழும்பிலும் நெதர்லாந்திலும் பேணப்பட்டு வந்தமையாலேயே, அவர்தம் ஆட்சியில் திருகோணமலை எவ்வாறிருந்தது என்பதை நாம் இன்று ஆராய முடிகின்றது. இன்றைய ஆட்சியின் கடிதங்களோ தாளில் இல்லை. அவை மின்னஞ்சல் சேவையகங்களில் உள்ளன. கடிதங்களை ஏற்று, சேமித்து, உரியவரிடம் சேர்ப்பிக்கும் கணினியே சேவையகம் எனப்படுவது. ஒரு நிறுவனம் அதனைப் பிறரிடம் ஒப்படையாது தானே நடத்துவது, சொந்த அஞ்சலகம் ஒன்றை நடத்துவதற்கு ஒப்பானது. அத்தகைய அஞ்சலகத்தின் பாதுகாப்பு அதன் மதிலின் உயரத்திலன்றி, நாள்தோறும் அதனைப் பேணுவோரின் கவனத்திலேயே தங்கியுள்ளது என்பதை எமது நாட்டின் அனுபவத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம்பிக்கையின் காலம்

வலைப்பின்னலால் இணைந்த கணினிகளிடையே மடல் அனுப்பும் முறையை 1971இல் அமெரிக்கப் பொறியியலாளர் றே ரொம்லின்சன் உருவாக்கினார். இன்றும் வழக்கிலுள்ள எஸ்.எம்.ரி.பி. என்னும் அஞ்சல் நெறிமுறையை யொனதன் பொஸ்ரல் 1982 ஆகஸ்டில் வரைந்து வெளியிட்டார். அந்நெறிமுறை மடலை ஒரு சேவையகத்திலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் வழியைத் திறம்படக் கூறிற்று. ஆயின் அனுப்புபவர் தாம் கூறும் ஆள்தானா என்பதைச் சோதிக்கும் வழி எதனையும் கூறவில்லை. கடித உறையின் பின்புறத்தில் எவரும் எப்பெயரையும் எழுதலாம் என்பது போன்ற நிலை அது. அன்று வலைப்பின்னலில் இருந்தோர் பெரும்பாலும் ஆய்வாளரும் பல்கலைக்கழகத்தினருமே. ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில் கதவுக்குப் பூட்டு வேண்டுவதில்லை. அயலார் மடலையும் ஏற்று உரிய இடத்துக்கு அனுப்பிவைத்தல் அக்காலச் சேவையகங்களின் நல்லொழுக்கமாகக் கருதப்பட்டது.

இலங்கைக்கு மின்னஞ்சல் வந்து சேர்ந்ததும் பல்கலைக்கழக வாயில் வழியாகவே. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியால் 1990இல் 'லேர்ன் மெயில்' என்னும் சேவை தொடங்கியது. மடல்கள் ஓரிடத்தில் சேர்த்துவைக்கப்பட்டு, தொலைபேசி இணைப்புக் கிடைத்தபோது வெளிநாட்டுக் கணினிக்கு அனுப்பப்பட்டன. எல்.கே. என முடியும் நாட்டு ஆள்களப் பெயரின் பதிவகமும் அதே ஆண்டில் உருவாகியது. வணிக நோக்கிலான இணையச் சேவை 1995இலேயே இங்கு தோன்றியது. ஆகவே இந்நாட்டின் முதல் மின்னஞ்சலகத்தை நடத்தியவர்கள் வணிகர் அல்லர், ஆசிரியர்களும் மாணவர்களுமே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அதே 1990 ஜூனில் வடக்கு கிழக்கில் போர் மீண்டும் மூண்டது என்பதையும் இங்கு மறத்தலாகாது. தலைநகரை அண்டிய பல்கலைக்கழகம் உலகோடு மடல் பரிமாறத் தொடங்கிய ஆண்டு, கிழக்கில் மக்கள் ஊர்விட்டு ஊர் அலைந்த ஆண்டாகவும் அமைந்தது.

நம்பிக்கை குலைந்தமை

இவ்வஞ்சல் முறையின் பலவீனம் அதற்கு முன்னரே வெளிப்பட்டிருந்தது. 1988 நவம்பர் 2ஆம் நாள் கோர்ணெல் பல்கலைக்கழக மாணவர் றொபேட் மொரிஸ் வெளிவிட்ட செய்நிரல் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அது நுழைந்த வழிகளுள் ஒன்று, அக்காலத்திற் பரவலாக வழங்கிய 'செண்ட்மெயில்' என்னும் அஞ்சல் மென்பொருளில் பழுது பார்ப்பதற்கென வைக்கப்பட்டுத் திறந்தபடியே விடப்பட்ட ஒரு வாயிலாகும். மதில் இடியவில்லை, சாத்தவேண்டிய கதவை எவரும் சாத்தவில்லை.

எமது நாட்டோடு தொடர்புடைய மற்றொரு நிகழ்ச்சி 1998இல் உலகின் கவனத்துக்கு வந்தது. தம்மை 'இணையக் கரும்புலிகள்' என அழைத்துக்கொண்ட ஒரு குழுவினர், இலங்கைத் தூதரகங்களின் மின்னஞ்சல் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 மடல்களாக இரு கிழமைக்கு அனுப்பித் தொடர்பாடலைக் குழப்ப முயன்றனர். ஒரு நாட்டின் கணினி அமைப்புகள் மீது ஆயுதக் குழுவொன்றின் சார்பில் நடத்தப்பட்ட முதல் தாக்குதலாக அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் இதனைக் கருதினர். இன்றைய அளவில் 800 மடல்கள் அற்பமானவையே. எனினும் இந்நிகழ்ச்சி அஞ்சலகம் ஒன்றின் அடிப்படைச் சிக்கலைப் புலப்படுத்துகின்றது. இங்கு எப்பூட்டும் உடைக்கப்படவில்லை. அறியாதவரிடமிருந்தும் கடிதம் ஏற்பதே அஞ்சலகத்தின் கடமையாகலின், அதன் வாயிலை முற்றாக அடைத்துவிட இயலாது. திறந்திருக்கவேண்டிய வாயிலைக் காப்பதே இங்குள்ள பணி.

அப்பணிக்கான கருவிகள் படிப்படியாகவே தோன்றின. எவருடைய மடலையும் கடத்திய சேவையகங்கள் விளம்பர மடல் அனுப்புவோர்க்குக் கருவியாயின. 1997 அளவில் அத்தகைய சேவையகங்களைப் பட்டியலிட்டு விலக்கும் வழக்கம் வேரூன்றியது. 2006இல் வெளியான எஸ்.பி.எவ். என்னும் முறை, ஓர் ஆள்களத்தின் பெயரால் மடல் அனுப்ப உரிமை பெற்ற கணினிகள் எவை என அறிவித்தது. 2007இல் வந்த டி.கே.ஐ.எம். மடலில் இலக்க முறைக் கையொப்பம் இடச்செய்தது. இவ்விரு சோதனைகளிலும் தேறாத மடலை யாது செய்வது என்பதைப் பெயருக்குரியவரே அறிவிக்க 2015இல் டிமார்க் வழிவகுத்தது. இவற்றை நிறுவாத சேவையகத்தின் மடலைப் பிறர் ஐயுறுகின்றனர். தன் வீட்டைக் காவாதவன் அயலார்க்கும் தீங்காகின்றான் என்னும் கருத்து இவ்வாறு தொழினுட்ப விதியாகவே மாறிற்று.

2023இன் படிப்பினை

இவ்வளவு கருவிகள் தோன்றிய பின்னரும் எமது நாட்டின் அரச மின்னஞ்சலுக்கு நேர்ந்த இழப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. 2023 ஆகஸ்ட் இறுதியில் 'லங்கா அரச முகில்' எனப்படும் அமைப்பு, கோப்புகளை மறைகுறியாக்கிக் கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்றின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச ஆள்களத்தைப் பயன்படுத்திய ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை விரைவில் மீட்கப்பட்டது. ஆயின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் மீளவில்லை. இணைப்பிலிருந்த காப்புப்பிரதியும் மூலத்தோடு சேர்ந்து பழுதுற்றது. அக்காலப் பகுதிக்கு இணைப்பினின்று பிரித்து வைக்கப்பட்ட பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டிலிருந்ததோ மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் 'எக்ஸ்சேஞ்ச்' மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை அந்நிறுவனம் 2023 ஏப்ரல் 11உடன் நிறுத்தியிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021இலேயே இருந்தும் நிதிக் குறைவு முதலிய காரணங்களால் பிற்போடப்பட்டது எனப் பொறுப்பான முகவரகம் விளக்கியது.

இவ்விழப்பைக் கணினியாளரின் சிக்கலாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பாலையூற்றில் வாழும் ஒருவர் தம் காணி குறித்தோ ஓய்வூதியம் குறித்தோ திணைக்களம் ஒன்றுக்கு எழுதிய மடல் அம்மூன்று திங்களுள் வந்திருப்பின், அவர் எழுதினார் என்பதற்கு அவர் கையிலுள்ள பிரதியன்றி வேறு சான்று இல்லை. போரினால் உறுதிகளையும் பதிவுகளையும் ஏற்கெனவே இழந்த ஒரு மாவட்டத்து மக்களுக்கு, ஆவண இழப்பு என்பது யாது என்று விளக்கவேண்டியதில்லை.

காவலரணும் காவலரும்

திருகோணமலையின் வரலாறே இதற்குத் தக்க ஒப்புமையைத் தருகின்றது. 1782 சனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி எட்வேட் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து ஒஸ்ரன்பேர்க் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினார். அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், அவருடைய கப்பற்படை அங்கில்லாத வேளையில், பிரெஞ்சுத் தளபதி சுப்ரன் அதனைத் தம் வசமாக்கினார். ஹியூஸ் சில நாட்களில் வந்து சேர்ந்தபோது கோட்டையில் வேறு கொடி பறந்தது. எட்டுத் திங்களில் மதில் மாறவில்லை, துறைமுகத்தின் ஆழமும் மாறவில்லை. காவலின் வலிமையும் உரிய வேளையில் வந்துசேரும் துணையுமே குறைந்திருந்தன.

இதனால், சொந்த அஞ்சலகமே வேண்டாம், பெரும் நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிடலாம் என்று கூறுவோர் உளர். அவர் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. அந்நிறுவனங்களின் காவலர் பலர், கருவிகளும் பல. ஆயின் ஒப்படைத்தோர் தம் கடிதங்களுக்கான திறப்பையும் உடன் ஒப்படைக்கின்றனர். விலையும் விதியும் மாறும்போது அவர்க்கு மறுமொழி கூற வலியிராது. அனைத்துக்கும் மேலாக, அக்கலையை அறிந்தோர் நாட்டில் அருகிப்போவர். 1990இல் ஆசிரியர் சிலர் பெற்றிருந்த திறனை இன்றைய பல்கலைக்கழகங்கள் இழந்துவிடுதல் முன்னேற்றமாகாது.

சொந்தமாக நடத்துவதாயின் பொறுப்பாளர் ஒருவரும், ஆண்டுதோறும் நிதியும், காலந்தவறாத மென்பொருள் திருத்தமும், இணைப்பினின்று பிரித்து வைத்த பிரதியும் வேண்டும். அப்பிரதியிலிருந்து மீட்க முடிகின்றதா என்னும் சோதனையும் இடையிடையே வேண்டும். பிறரிடம் ஒப்படைப்பதாயினும் ஆள்களப் பெயரும் ஒரு பிரதியும் நம் கையில் இருத்தல் வேண்டும். இவற்றுள் எதுவும் அரிய தொழினுட்பம் அன்று. இவை அரிதாகிவிடுவது, காவல் என்பதை ஒருமுறை கட்டி முடிக்கும் வேலையாக வரவுசெலவுத் திட்டம் வகுப்போர் எண்ணும்போதேயாம்.