சான் அன்டோனியோ மிஷன்கள்: கட்டினவங்க குரல் எங்கே?

இன்னைக்கு நாம பேசப்போறது அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தில் இருக்குற சான் அன்டோனியோ நகரத்தோட ஸ்பானிய மிஷன்கள் பத்தி. மார்ச் விடுமுறைக்கு அப்பா, அம்மா, அண்ணன் குடும்பம்னு எல்லாருமா போயிருந்தோம். ஆனா இது பயணக் கதை இல்ல. அங்க பார்த்ததும், வந்தப்புறம் படிச்சதும் சேர்ந்து கிளப்பின ஒரு கேள்விதான் இந்த எபிசோட்: அந்தத் தேவாலயங்கள் யாருடையவை?

முதல்ல பின்னணி. மிஷன்னா வெறும் தேவாலயம் இல்ல. சுற்றுமதில், குடியிருப்பு, தானியக் கிடங்கு, பட்டறை, வெளியே வயல்னு ஒரு முழு கிராமம். சான் அன்டோனியோ ஆற்றை ஒட்டி இப்படி 5 இருக்கு. முதலாவது 1718ல் தொடங்கியது. அதுதான் பின்னாளில் அலமோ. 1720ல் சான் ஹொசே. கன்செப்சியோன், சான் ஹுவான், எஸ்படா மூன்றும் கிழக்கு டெக்ஸாஸில் தொடங்கி, 1731ல் இங்கே மாற்றப்பட்டவை. பக்கத்திலேயே லூசியானாவில் பிரெஞ்சுக்காரர்கள். எல்லையைக் காக்க ஸ்பெயினிடம் போதுமான குடியேறிகள் இல்லை. அதனால அங்க ஏற்கனவே வாழ்ந்தவர்களையே ஸ்பானியக் குடிமக்களாக மாற்றுறதுதான் திட்டம்.

அந்த மக்கள் ஏன் உள்ள வந்தாங்க? கோவாவில்டெக்கன் என்று இன்று பொதுவாக அழைக்கப்படும் பல சிறு குழுக்கள் அவங்க. ஒரு பக்கம் அப்பாச்சிகளின் தாக்குதல், இன்னொரு பக்கம் ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்கள். மிஷனில் சாப்பாடும் பாதுகாப்பும் கிடைச்சது. அதுக்கு விலையா மதம், மொழி, பெயர் எல்லாம் மாறணும். மணியடிச்சா எழணும், மணியடிச்சா வேலைக்குப் போகணும். தப்பி ஓடினவங்களைத் தேடிப்பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. பாதுகாப்புன்னு நம்பி வந்த அதே நெருக்கமான குடியிருப்புல, 1739ல் பெரியம்மை பரவி ஏராளமானவர்கள் இறந்தாங்க.

இப்ப எஸ்படாவுக்கு வருவோம். அங்க ஒரு ஓடைக்கு மேல கல் வளைவுகள் மீது வாய்க்கால் போகுது. அப்பா பார்த்ததும், "இது நம்ம மாத்தூர் தொட்டிப்பாலம் மாதிரியில்ல இருக்கு!"ன்னார். அளவு ரொம்பச் சின்னது, தத்துவம் அதேதான். ஆற்றில் அணை கட்டி, சரிவை மட்டுமே நம்பி வயலுக்குத் தண்ணீர் கொண்டு போறாங்க. பம்பு கிடையாது. 1740களில் கட்டினது, இன்னைக்கும் தண்ணீர் ஓடுது. பாதிரியார்களின் பெயர்கள் ஆவணங்களில் இருக்கு. மண் வெட்டி, கல் சுமந்தவர்கள் பெரும்பாலும் அந்த மிஷன் மக்கள்.

அவங்க குரல் எங்கே? 1760ல் எஸ்படா மிஷனின் பாதிரியார் பர்தொலொமே கார்சியா ஒரு கையேடு வெளியிட்டார். கோவாவில்டெகோ மொழி பற்றி இன்று நமக்குத் தெரிஞ்சதில் பெரும்பகுதி அதிலிருந்துதான். ஆனா அது பாவமன்னிப்பு கேட்க வருபவர்களிடம் பாதிரியார் என்னென்ன விசாரிக்கணும்னு சொல்ற நூல். எங்க வேலை பாஷையில சொன்னா, லாக் ஃபைலில் கேள்வி பதிவாகியிருக்கு, பதில் இல்லை.

அதுக்காக அந்த மக்கள் அழிஞ்சே போயிட்டாங்கன்னு முடிவு கட்டிடக் கூடாது. 1790களில் மிஷன் நிலங்கள் பிரிக்கப்பட்டபோது அங்கேயே தங்கின குடும்பங்கள் உண்டு. அலமோ தவிர மற்ற 4 தேவாலயங்களிலும் இன்றும் வழிபாடு நடக்குது. வர்றவங்கள்ல அந்தப் பழைய குடும்பங்களின் வாரிசுகளும் இருக்காங்க. 2015ல் யுனெஸ்கோ இந்த 5 மிஷன்களையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அப்போ யாருடையவை? திட்டம் ஸ்பெயினுடையது. உழைப்பு யாருடையதுன்னு பார்த்தோம். என்னைக் கேட்டா, கட்டினவங்க பெயரைத்தான் முதல்ல சொல்லணும். உங்க கருத்து என்ன? எழுதுங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.