குச்சவெளிப் பாயும் கடல்கடந்த பொதிச் செலவும்

குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவின் வடகோடியிலுள்ள புல்மோட்டையின் இல்மனைற் மணல் தொன் கணக்கில் கப்பலேறிப் பிறநாடுகளுக்குச் செல்கின்றது. குச்சவெளியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில், உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் பெயர்பெற்ற திருகோணமலைத் துறைமுகம் அமைந்துள்ளது. ஆயினும் இப்பிரதேசத்துப் பெண்ணொருவர் தாம் பின்னிய பாயொன்றை ரொறன்ரோவில் வாழும் ஒருவருக்கு விற்பாராயின், அப்பாய் அத்துறைமுகத்தின் பக்கம் போவதேயில்லை. அது தரைவழியே கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்தை அடைந்த பின்னரே கடல் கடக்கின்றது. மணலுக்குத் தொன் கணக்கில் கட்டணம். பாய்க்கோ கிராம் கணக்கில். இவ்வேறுபாட்டை உணராமையாலேயே வீட்டிலிருந்து இணையவழி வணிகம் தொடங்குவோர் பலர் முதல் சில விற்பனைகளிலேயே கையைச் சுட்டுக்கொள்கின்றனர்.

முகநூலிலோ வட்ஸ்அப்பிலோ படமொன்றைப் பதிவிட்டு விற்பனையைத் தொடங்குவது இன்று எளிது. பொருளின் விலையையும் நாமே தீர்மானித்துவிடலாம். அனுப்பும் செலவு மட்டும் நம் கையில் இல்லை. அதனை ஊகத்தால் நிரப்பும்போதுதான் இடர் தொடங்குகின்றது. ஊகித்த தொகை மிகுந்தால் வாங்குபவர் விலகிவிடுவார்; குறைந்தால் பின்னியவரின் கூலியே தபாற் கட்டணமாகக் கரைந்துவிடும்.

முதலில் எடையைக் கவனிப்போம். சர்வதேச கூரியர் நிறுவனங்கள் ஒரு பொதிக்கு இரு எடைகளைக் கணக்கிடுகின்றன. ஒன்று தராசு காட்டும் எடை. மற்றையது பொதி அடைத்துக்கொள்ளும் இடத்துக்கான எடை; இது கனவளவு எடை எனப்படும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி, வரும் தொகையைப் பெரும்பாலான நிறுவனங்கள் 5,000ஆல் வகுக்கின்றன. இரண்டில் எது கூடியதோ அதற்கே கட்டணம். அதுவும் அடுத்த அரைக் கிலோவுக்கு உயர்த்தப்படுவதே வழக்கம்.

கிழக்கின் முஸ்லிம் கிராமங்களில் பெண்கள் பின்னும் பன்பாயை எடுத்துக்கொள்வோம். 3 அடி அகலப் பாயொன்றைச் சுருட்டி 92 சென்ரிமீற்றர் நீளமும் 15 சென்ரிமீற்றர் சதுரப் பக்கமும் கொண்ட பெட்டியில் இட்டால், கனவளவு 20,700. அதனை 5,000ஆல் வகுக்க 4.14, கட்டணமோ 4.5 கிலோவுக்கு. தராசில் அது ஒன்றரைக் கிலோவே காட்டினாலும் பயனில்லை. பனையோலைக் கூடையின் நிலை இதனினும் மோசம். 40, 30, 25 சென்ரிமீற்றர் அளவுடைய பெட்டி, ஒரு கிலோவும் நிறையாத கூடைக்கு 6 கிலோ கட்டணம் கேட்கும். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மூன்று கூடைகளை அதே பெட்டியில் வைத்தாலும் கட்டணம் அதே 6 கிலோவுக்குத்தான். கூடைகளைத் தனித்தனியே விற்பதைவிட மூன்றாக விற்பதே அறிவுடைமை என்பதை இக்கணக்கு ஒன்றே காட்டும்.

தபால் திணைக்களத்தின் வழி வேறு. சாதாரணத் தபாலில் தராசு எடையே பெரிதும் கருதப்படுகின்றது. ஆனால் அளவுக்கு எல்லை உண்டு. சர்வதேச தபால் ஒன்றியத்தின் விதிகளின்படி சிறுபொதி 2 கிலோவுக்கு மேற்படலாகாது. பெட்டியாயின் நீளம், அகலம், உயரம் மூன்றின் கூட்டுத்தொகை 90 சென்ரிமீற்றருக்குள்ளும், மிக நீண்ட பக்கம் 60 சென்ரிமீற்றருக்குள்ளும் இருத்தல் வேண்டும். சுருளுக்குத் தனி விதி: நீளத்துடன் விட்டத்தின் இருமடங்கைக் கூட்டினால் 104 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது, நீளம் மட்டும் 90 சென்ரிமீற்றருக்கு மேற்படக்கூடாது.

இங்கேதான் நம்மவர் கவனிக்கவேண்டிய நுட்பம் உள்ளது. 3 அடி என்பது 91.44 சென்ரிமீற்றர். ஒன்றரைச் சென்ரிமீற்றர் கூடிய குற்றத்துக்காகப் பாய் சிறுபொதி வகையிலிருந்து வெளியேறி, செலவு கூடிய பார்சல் வகையில் சேர்ந்துவிடுகின்றது. மாறாக, 70 சென்ரிமீற்றர் அகலத் தொழுகைப் பாயை 14 சென்ரிமீற்றர் விட்டத்தில் சுருட்டினால் கூட்டுத்தொகை 98, தாராளமாக அடங்கும். வெளிநாட்டுக்கெனப் பின்னும் பாயின் அகலத்தை முன்கூட்டியே தீர்மானிப்பது பின்னுபவருக்குப் பெரிய சுமையன்று. தறியில் ஏறுமுன், ஓலையை வாருமுன் அளவுநாடாவைக் கையிலெடுப்பதே இவ்வணிகத்தின் முதற்படி எனலாம்.

அடுத்து, கட்டணச் சிட்டையில் இடம்பெறாத செலவுகள். குச்சவெளியிலிருந்து நகருக்குப் போய்வரும் செலவு, அட்டைப்பெட்டி, பொலித்தீன் உறை, ஒட்டுநாடா ஆகியன சில்லறையாகத் தோன்றினும் ஒவ்வொரு பொதிக்கும் வருவன. கூரியரில் எரிபொருள் மேலதிகக் கட்டணமும், தொலைதூர இடங்களுக்கான மேலதிகக் கட்டணமும் உண்டு. பணம் பெற்றுத்தரும் இணையச் சேவை கழிக்கும் தரகோ பொருளின் விலைக்கு மட்டுமன்றி, அனுப்பும் செலவுக்கும் சேர்த்தே கணக்கிடப்படுகின்றது. இதனை மறப்போர் அநேகர்.

விளக்கத்துக்காக மட்டும் ஒரு கணக்கு. பொருள் 6,000 ரூபா, தபால் 5,000, பொதியிடல் 400, போக்குவரத்து 300, கூட்டு 11,700. தரகு 5 வீதம் என்க. பொருளுக்கு மட்டும் 5 வீதம் சேர்த்து 12,000 ரூபா பெற்றால், தரகாக 600 கழிந்து கைக்கு வருவது 11,400. நகருக்குப் போய்வந்த 300 ரூபா மாயமாகிவிட்டது. சரியான வழி, 11,700ஐ 0.95ஆல் வகுப்பது: ஏறத்தாழ 12,316 ரூபா. இருபது பொதிகளில் ஒன்று தொலைந்தால் அதன் இழப்பாக எஞ்சிய பத்தொன்பதும் தலா 616 ரூபா சுமக்கவேண்டும் என்பதையும் கருத்திற்கொள்ளல் நன்று.

நாணய மாற்றுவீதம் மற்றொரு பொறி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த அமெரிக்க டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியது. பெப்ரவரியில் அனுப்பும் செலவை ரூபாவில் உறுதியளித்து, ஏப்ரலில் டொலர் அடிப்படையிலான கூரியர் கட்டணத்தைச் செலுத்தியவரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டாருக்குக் கூறும் விலை அவர்தம் நாணயத்திலேயே இருப்பதும், அவ்விலைக்குக் காலவரையறை குறிப்பதும் பாதுகாப்பானவை.

பொதி சென்றடையும் நாட்டின் வரியே இன்று மிகப்பெரிய சிக்கல். அமெரிக்கா 2016 முதல் 800 டொலர் வரையான பொதிகளுக்குத் தீர்வையின்றி வழிவிட்டது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அச்சலுகை எல்லா நாடுகளுக்கும் இடைநிறுத்தப்பட்டது. அவ்வேளையில் இந்தியா உட்படப் பல நாடுகளின் தபால் துறைகள் அமெரிக்காவுக்கான பொதிகளை ஏற்பதையே நிறுத்திவைத்தன. பிரித்தானியா 2021 ஜனவரி முதல், 135 பவுண் வரையான பொதிகளுக்கு விற்பவரே அங்கு பதிவுசெய்து பெறுமதி சேர் வரியைச் செலுத்தவேண்டுமென விதித்தது. பெரிய இணையச் சந்தைகளின் ஊடாக விற்றால் அச்சந்தையே அதனை அறவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையான வரிவிலக்கை 2021 ஜூலையில் நீக்கியதுடன், 150 யூரோவுக்குட்பட்ட பொதிகளில் பொருளொன்றுக்கு 3 யூரோ தீர்வையை 2026 ஜூலை முதல் விதிக்க 2025 டிசம்பரில் தீர்மானித்தது. அவுஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 75,000 அவுஸ்திரேலிய டொலருக்குக் குறைவாக அங்கு விற்கும் சிறு வணிகர், சிறுபெறுமதிப் பொருட்களுக்கான வரிக்கெனப் பதிய வேண்டியதில்லை. கனடாவிலோ தபாலில் வரும் பொருளுக்கு விலக்கு வெறும் 20 கனேடிய டொலர்.

வரியை வாங்குபவர் செலுத்துவதா, விற்பவர் முன்கூட்டியே செலுத்துவதா என்பதை விற்பனைக்கு முன்னரே எழுத்தில் கூறிவிடவேண்டும். கூறாதவிடத்து, பாரிஸில் வாசலுக்கு வந்த தபால்காரர் வரியுடன் கையாளல் கட்டணமும் கேட்க, வாங்கியவர் பொதியை மறுத்துவிடக்கூடும். அது திரும்பி வருமாயின் திரும்பும் செலவும் நம் தலையிலேயே விழும்.

இதற்கு மாற்றாக, சுங்கப் படிவமான சி.என்.22இல் 'அன்பளிப்பு' என எழுதிவிடும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. பணம் பெற்று விற்ற பொருள் அன்பளிப்பாகாது. பெறுமதியைக் குறைத்து எழுதுவதும் அவ்வாறே. பொதி தொலைந்தால் எழுதிய பெறுமதிக்கு மேல் இழப்பீடு கோரவும் வழியில்லை.

எல்லாப் பொருளும் அனுப்பத்தக்கனவுமல்ல. கடற்கரை மக்களுக்குக் கருவாடு முதலில் நினைவுக்கு வரும். ஐரோப்பிய ஒன்றியமோ மீன் உற்பத்திகளை அங்கீகரிக்கப்பட்ட நிலையங்களிலிருந்து சுகாதாரச் சான்றிதழுடன் மட்டுமே ஏற்கின்றது; முற்றத்தில் காயவைத்த கருவாட்டை இணையத்தில் ஐரோப்பாவுக்கு விற்க இயலாது. வணிக நோக்கில் அமெரிக்காவுக்கு அனுப்பும் உணவுக்கு முன்னறிவித்தல் கட்டாயம். புறாமலைக் கடலின் நினைவாகப் பவளத் துண்டுகளை அனுப்ப நினைப்பதும் ஆபத்தே. கற்பவளங்கள் அருகிவரும் உயிரினங்கள் குறித்த சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குட்பட்டவை. பன், பனையோலைப் பொருட்களை நன்கு உலர்த்தி, பூச்சியின்றி அனுப்பவேண்டும். அவுஸ்திரேலிய உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகள் தாவரப் பொருட்களில் சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை. பூச்சி அரித்த கூடை அங்கு அழிக்கப்படலாம், அல்லது புகையூட்டும் செலவு கோரப்படலாம்.

காலமும் செலவே. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பின்னர் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லலாயின. கடல்வழி ஐரோப்பாவுக்குச் செல்லும் பொருட்களுக்கு மேலும் ஓரிரு வாரங்கள் பிடித்தன. ரமழானுக்குத் தொழுகைப் பாயும் தைப்பொங்கலுக்குப் பனையோலைப் பெட்டியும் கேட்போர் பண்டிகை முடிந்தபின் வரும் பொதியை விரும்பமாட்டார்கள். பண்டிகைக்கு எத்தனை நாட்களுக்கு முன் கேட்டால் சாதாரணத் தபால், அதன்பின் கேட்டால் துரிதத் தபால் என்பதையும், இரண்டுக்குமான கட்டணத்தையும் பொருளின் படத்துக்குக் கீழேயே குறித்துவிடலாம்.